லாட்ஜ் சுவரில் ஒரு முகம், மேஸ்திரி பையில் ஆறு கல்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜில் துண்டு திருட முடியாது என்று ஒரு பேச்சு கொஞ்ச நாளாக உலவுகிறது. காவலாளியோ கேமராவோ காரணம் இல்லையாம். வரவேற்பறைச் சுவரில், காலமாகிவிட்ட முதலாளியம்மாவின் முகம் ஆளுயரத்துக்கு இருக்கிறதாம். அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர் பெட்டிக்குள் லாட்ஜ் துண்டு இருந்தால் அந்த அம்மா தலையைச் சாய்த்துப் பார்ப்பாராம். இல்லாவிட்டால் நேராக இருப்பாராம்.

எனக்கு இதைச் சொன்னவர் முடிதிருத்துகிறவர். கத்தி என் கழுத்தில் இருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை. சலவைக்கடைக்காரர் சொன்னபோது தலையோடு கண்ணும் சேர்ந்து திரும்பியது. மருந்துக்கடைக்காரர் அறிவியல் படித்தவர்; கண் திரும்புவதையெல்லாம் அவர் நம்பவில்லை. தலை மட்டும்தான் என்றார்.

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று போனேன். வரவேற்பறை நீளமாக, வெளிச்சம் கம்மியாக இருந்தது. ஒரு பக்கம் சாவிகள் தொங்கும் பலகை, மேசை, மேசைக்குப் பின்னால் முதலாளி. எதிர்ச்சுவரில் அந்த முகம். கிட்டப் போய்ப் பார்த்தால் முகமே இல்லை. ஓர் அங்குலச் சதுரக் கற்கள்தான் இருந்தன: கறுப்பு, சாம்பல், வெளுத்த சாம்பல், வெள்ளை. குளியலறைத் தரையைப் பெயர்த்து எடுத்து நிமிர்த்தி வைத்தது போல. பின்னாலேயே நடந்து மேசை வரைக்கும் வந்து பார்த்தால், ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருக்கிறார். மூக்கு வரைக்கும் நேராக இருக்கிறார். அதற்கு மேலே கண்ணும் நெற்றியும் முடியும், யாரையோ எட்டிப் பார்ப்பது போல வாசல் பக்கம் சாய்ந்திருக்கின்றன.

என் பையில் துண்டு இல்லை. அப்படியும் சாய்ந்துதான் இருந்தார். ஆக, பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியை விசாரிக்க வேண்டியிருந்தது.

“இதை யாருங்க செஞ்சது?” என்று முதலாளியைக் கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “டைல்ஸ் மேஸ்திரி. அவன்கிட்டயே போய்க் கேளுங்க. ஆனா சாய்ஞ்சிருக்குன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க. அன்னிக்குப் பூராச் சாப்பிட மாட்டான்.”

மேஸ்திரிக்கு வேலை செய்கிற இடங்களில் ‘நூல்’ என்றுதான் பெயர். எந்தச் சுவரானாலும் தரையானாலும் முதலில் ஒரு நூலை இழுத்துக் கட்டுவார். கட்டிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இதில் தப்பில்லை, ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் அந்தக் கண் திறப்பதில்லை. ஓட்டலில் மேசையைத் தள்ளி நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். துக்கம் கேட்கப் போன வீட்டில், இறந்தவர் படம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்தவர். அந்த வீட்டுக்காரர்கள் அவர் ரொம்ப நெருங்கிய உறவு என்று நினைத்துக்கொண்டார்கள். முதன்முதலாக மனைவியின் வீட்டுக்குப் போன அன்று, நேரம் பூராத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மாப்பிள்ளைக்கு என்ன கூச்சம் என்று மாமியார் பூரித்துப்போனார். புறப்படும்போது, “உள் அறையில ரெண்டு கல்லு தூக்கியிருக்கு” என்றாராம் மாப்பிள்ளை.

தனி ஆளாக அவர் முதலில் பதித்தது ஒரு பேருந்துப் பணிமனையின் கழிவறை. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால், அவசியம் இல்லாவிட்டாலும் உள்ளே போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் வீணாக்க மாட்டார். தரை பதிக்கும்போது வரிசைக் கடைசியில் முழுக் கல்லுக்கு இடம் இருக்காது. வெட்டித்தான் வைக்க வேண்டும். வெட்டியதில் மிஞ்சும் துண்டை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். இவர் அதை எடுத்து அடுத்த வரிசையின் முதல் கல்லாக வைத்துவிடுவார். அவர் வேலை செய்த வீட்டில் கடைசியில் மிஞ்சுவது கூட்டி அள்ளுகிற தூசிதான். இந்த இரண்டு குணத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கழுத்தை ஒன்று பிடிக்கப் போகின்றன.

அவர் வீட்டுக்கு நான் போனபோது மனைவியும் இருந்தார். ஒரு பெரிய கடையில் பில் போடுகிறவர். வாசலில் துணிக்கொடி, அளவு பார்த்துக் கட்டியது போல மட்டமாக இருந்தது. அதில் லாட்ஜின் பெயர் போட்ட துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நாகரிகம் கருதி நான் ஒன்றும் கேட்கவில்லை.

“சாய்ஞ்சிருக்குன்னுதானே வந்திருக்கீங்க?” என்றார் மேஸ்திரி.

இல்லை, வேலை நன்றாக இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க,” என்றார் மனைவி. “உட்காருங்க. டீ வரும். கதையும் வரும்.”

கதை முதலாளியின் கண்ணில் தொடங்குகிறது. அவருக்கு ஒரு கண் பல வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சம் இருந்த கண்ணிலும் புரை விழுந்து, உலகம் சோப்பு நுரைக்குள் இருப்பது போல ஆகிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. கண் சிக்கலான கண் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். “நல்லபடியா வரும்னுதான் நெனைக்கிறோம்” என்றும் சொன்னார். டாக்டர் ‘நினைக்கிறோம்’ என்று சொன்னால் அந்த வீட்டில் அப்புறம் யாருக்கும் தூக்கம் வராது. நல்லபடியாக வராவிட்டால் என்ன செய்வது என்று முதலாளி யோசித்தார். அதற்குள் பொண்டாட்டி முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு செய்தார்.

சிக்கல் என்னவென்றால், அந்த அம்மாவுக்குக் கேமராவைக் கண்டாலே ஏதாவது வேலை நினைவுக்கு வந்துவிடும். எல்லாப் படத்திலும் முதுகுதான் இருக்கிறது. முகம் தெரிகிற படம் ஒன்றே ஒன்று. யாரோ ஒரு விருந்தாளி எடுத்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று சிரிக்கிறார். தபால்தலை அளவு. முதலாளி அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனால் கட்டை விரல்தான் தெரிந்தது.

முதலில் பெரிய பேனராக அடித்து மாட்டிப் பார்த்தார்கள். குழல் விளக்கு அதில் பட்டுத் தெறித்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் விளக்குதான் இருந்தது. “தேர்தல்ல நிக்கிறவ மாதிரி இருக்கா, கழட்டுங்க” என்றுவிட்டார். அப்புறம்தான் மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்.

“என் பொண்டாட்டியைச் சுவத்துல பதிக்கணும்யா” என்றாராம்.

மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்தாராம். பிறகு, “பளபளப்பு இல்லாத கல்லு போடலாம். விளக்கு தெறிக்காது” என்றாராம்.

முதலாளிக்கு ஒரே மகள். கணினி வேலை. தடித்த கண்ணாடி போட்டவள். அந்தத் தபால்தலையைக் கணினிக்குள் ஏற்றிக்கொண்டு வந்து, வரவேற்பு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, மேஸ்திரிக்கு விளக்கினாள்.

“கம்ப்யூட்டருக்குப் படம்னா என்னன்னே தெரியாதுண்ணே. அதுக்குத் தெரிஞ்சது எண்ணு ஒண்ணுதான். படத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுக்கும். கட்டத்துக்கு ஒரு எண்ணு. சுத்தக் கறுப்புன்னா பூஜ்யம். சுத்த வெள்ளைன்னா இருநூத்தி ஐம்பத்தஞ்சு. நடுவுல இருக்கிறதெல்லாம் சாம்பல்.”

“எத்தனை சாம்பல்?”

“இருநூத்தி ஐம்பத்தி நாலு.”

“கடையில எட்டுதான் இருக்கும்.”

அவள் யோசித்தாள். “கறுப்பு, வெள்ளையோட சேர்த்தா பத்து. போதும்ணே. இருநூத்திச் சொச்சத்தையும் பத்துக் கூடையில பிரிச்சுப் போட்டுடறேன். பூஜ்யத்துலேர்ந்து ஒம்பது வரைக்கும்.”

“கூடை மாறி விழுந்துட்டா?”

“கன்னம் கொஞ்சம் கறுக்கும்.”

“பரவாயில்லை. வெயில்ல மொட்டை மாடியில துணி காயப்போட்டவங்கதானே.”

இந்த இடத்தில் முதலாளி தலையிட்டு, வண்ணத்தில் முடியாதா என்று கேட்டார். வண்ணம் என்றால் கட்டத்துக்கு மூன்று எண், சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று சேர்த்துவைக்கும் என்றாள் மகள். “ஒரு கல்லு இடத்துல மூணு கல்லு எப்படி முதலாளி வெக்கிறது?” என்றார் மேஸ்திரி. இது தவறான வாதம்தான். ஆனால் உறுதியான குரலில் சொல்லப்பட்டதால் வண்ணம் கைவிடப்பட்டது.

மகள் அச்சடித்துத் தந்த தாள்களில் எண்களைத் தவிர ஒன்றும் இல்லை. எட்டு எட்டு எட்டு ஏழு நாலு ஒன்று பூஜ்யம் பூஜ்யம் என்று பக்கம் பக்கமாக ஓடின. மேஸ்திரி புரட்டிப் பார்த்தார்.

“இதுல மூக்கு எங்கம்மா இருக்கு?”

“எங்கயும் இல்லைண்ணே. எண்ணுதான் இருக்கு. வரிசையா வெச்சுக்கிட்டே போங்க, மூக்கு தானா வரும்.”

வாழ்க்கையில் எதையும் தானாக வரவிட்டுப் பழகாத மனிதர் அவர். தலையாட்டினார்.

“ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம்,” என்றாள் அவள். “ஒரு வரிசைக்கு எத்தனை கல்லுங்கிறது. அது மாறினா எல்லாம் போச்சு. அகலத்துக்கு அறுபது, உயரத்துக்கு எண்பது. முதல் தாள்ல மேலயே பெரிசா எழுதியிருக்கேன்.”

சுவர்க் கல்லைக் கீழேயிருந்து மேலேதான் பதிப்பார்கள். ஆகவே மேஸ்திரி கடைசித் தாளிலிருந்து ஆரம்பித்தார். முதல் தாள் கட்டின் அடியில் கிடந்தது. அதன் மேல்தான் டீ கிளாஸ் வைத்திருந்தார்கள்.

எண்களைப் படிக்க ஆள் வேண்டும். மனைவி கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். பில் போடுகிறவர் என்பதால் எண் அவர் வாயில் தண்ணீராக ஓடும். மேஸ்திரிக்கோ கை நிறையப் பசை. பத்துப் பெட்டியில் பத்து வகைக் கல். அவர் படிக்க, இவர் எடுத்து ஒட்ட, லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் அது ஏதோ குலுக்கல் என்று நினைத்துச் சுற்றி நின்று கேட்டார்கள்.

“எட்டு, எட்டு, ஏழு, அஞ்சு... ஏங்க, இப்ப எதை ஒட்டிக்கிட்டு இருக்கோம்?”

“அஞ்சு.”

“அது தெரியுது. மோவாயா, கழுத்தா?”

“நீ எண்ணைப் படி. மோவாய் தானா வரும்.”

“அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டீங்க.”

கல்லுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு முழம்தான். அந்தத் தூரத்தில் அம்மா தெரிய மாட்டார், சாம்பல்தான் தெரியும். எட்டி நின்று பார்க்கலாம் என்றால் குறுக்கே சாரமும் படுதாவும். ஆனால் வரிசை ஒவ்வொன்றும் நூல் பிடித்தது போல இருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டார் மேஸ்திரி.

மூக்கு முடிகிற உயரத்தில் வினை வந்தது. மேஸ்திரி சுவரை அளந்துவிட்டுப் போனதற்கும் வேலை ஆரம்பித்ததற்கும் நடுவில், எலக்ட்ரீஷியன் வந்து வலது ஓரத்தில் ஃப்யூஸ் பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். டைல்ஸ்காரருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அந்தப் பெட்டி ஓர் அங்குலம், ஒரே ஓர் அங்குலம், படத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. உயரம் ஆறு அங்குலம்.

மேஸ்திரி ஐம்பத்தொன்பது கல் ஒட்டினார். அறுபதாவது கையில் இருக்கிறது. இடம் இல்லை.

“எட்டு. வரி முடிஞ்சுதுங்க,” என்றார் மனைவி.

“இந்த எட்டுக்கு இடம் இல்லையே.”

“அப்ப விட்டுடுங்க.”

“விடறதாவது? முதலாளியம்மா முகத்துல ஒரு கல்லைத் தின்னச் சொல்றியா? அடுத்த வரிசையில முதல்ல வெச்சுக்கலாம். நீ பாட்டுக்குப் படி.”

படித்தார். ஒட்டினார். முந்தின வரிசையில் மிஞ்சிய கல் அடுத்த வரிசையின் முதல் கல் ஆயிற்று, அதனால் அந்த வரிசையில் இரண்டு மிஞ்சியது, அதற்கடுத்ததில் மூன்று. பெட்டியைத் தாண்டியபோது ஆறு கல் தள்ளிப்போயிருந்தது. பெட்டி முடிந்ததும் வரிசை பழையபடி அறுபது. ஆனால் ஆறு ஆறுதான். அது உச்சந்தலை வரைக்கும் கூடவே போயிற்று. கடைசி எண்ணைப் படித்தபோது சுவர் முடிந்துவிட்டது. மேஸ்திரி கையில் ஆறு கல் இருந்தது. ஆறும் எட்டாம் நம்பர், வெளுத்த சாம்பல்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேலையில் கல் மிஞ்சியது. கடைக்காரன் எண்ணித் தருவதில் பிசகிவிட்டான் என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை சாரத்தைப் பிரித்துப் படுதாவை விலக்கினார்கள். மகள் பார்த்தாள். மேஸ்திரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மனைவி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

“ஏங்க, தலை தனியாப் போவுது.”

“தெரியுது.”

“நான்தான் வரி முடிஞ்சுதுன்னு சொன்னேனே.”

“முடிஞ்சுதுன்னு சொன்னே. நிறுத்துன்னு சொன்னியா?”

“கடையில ஒரு ஆள் சாமான் முடிஞ்சா, மிச்சத்தைப் பின்னால நிக்கிற ஆள் பில்லுலயா போடுவாங்க? அறுபதாவது சாமான் அந்த வரியோடது. அதை விட்டா விட்டதுதான்.”

மேஸ்திரி சாமான் பையைப் பிரித்தார். உளியைத் தேடினார்.

மகள் கோபித்துக்கொள்ளவில்லை. மடிக்கணினியைத் திறந்து அதே படத்தைக் காட்டினாள். அம்மா நேராகச் சிரித்தார். “பாருங்கண்ணே” என்று அறுபது என்ற இடத்தில் ஐம்பத்தொன்பது என்று மாற்றினாள். அம்மா காணாமல் போனார். திரை பூரா, யாரோ சீப்பால் இழுத்துவிட்டது போலக் கோணல் கோணலாகக் கோடுகள்.

“எண்ணு மாறிடுச்சா?” என்று பதறினார் மேஸ்திரி.

“ஒண்ணுகூட மாறலை. எல்லாம் அதே எண்ணு, அதே வரிசை. ஒரு வரிக்கு எத்தனைங்கிறதை மட்டும்தான் மாத்தினேன். நீங்க ஆறு வரிசையில செஞ்சதை இது எல்லா வரியிலயும் செய்யுது. கொஞ்சமும் வெக்கப்படாது.” அறுபது என்று திருத்தினாள். அம்மா திரும்பி வந்தார். “அந்த ஆறு கல்லையும் தூக்கிப் போட்டிருந்தா சரியா வந்திருக்கும்ணே. அது படத்துல அம்மாவுக்குப் பின்னால இருக்கிற வெறும் சுவருதான்.”

“சுவரா இருந்தாலும் கணக்குல இருக்குல்ல.”

“இருக்கு. அதனாலதான் இப்ப அம்மா தலை தள்ளிப் போயிருக்கு.”

தீர்ப்பு வழங்கப்பட்டது: மூக்குக்கு மேலே இடித்து, மறுபடி பதிக்க வேண்டும். மேஸ்திரி அப்போதே கடைக்குப் போன் போட்டார். நாலாம் நம்பர் சாம்பல் தீர்ந்துவிட்டது, வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அறுவை சிகிச்சை அந்த வாரக் கடைசியில்.

அப்போதுதான் முதலாளியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்த்தினார்கள்.  அவர் சுவர் இருக்கும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்.

“சாய்ஞ்சு பாக்கறா” என்றார்.

“முதலாளி, அது வந்து... என் தப்பு. மூணு வாரத்துல இடிச்சு...”

“யோவ், சும்மா இரு. எவனோ துண்டை எடுத்துட்டான். அதான் பாக்கறா.”

உயிரோடு இருந்தபோது அந்த அம்மா யார் பெட்டியையும் திறந்து பார்த்ததில்லையாம். காலி செய்துவிட்டுப் போகிறவரை மேசைக்குப் பின்னால் இருந்து தலையைச் சாய்த்துப் பார்த்து, “பெட்டி வரும்போது இவ்வளவு கனமா இல்லையே தம்பி” என்பாராம். அவ்வளவுதான். துண்டு தானாக மேசைக்கு வந்துவிடும்.

மகளுக்குச் சந்தேகம். அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை, மேஸ்திரி மனசு நோகக் கூடாது என்று அடித்துவிடுகிறார் என்று நினைத்தாள். கையில் துடைப்பக் குச்சியைக் கொடுத்துச் சுவருக்குக் கிட்டே கூட்டிப் போனாள். “கண்ணு எங்கப்பா இருக்கு, காட்டு.”

“கிட்டக்க என்ன இருக்கு, வெறும் மூட்டம். நாற்காலியிலயே விடு.” நாற்காலியில் உட்கார்ந்து குச்சியை நீட்டினார். “இது இடது கண்ணு. இது வலது. இங்க ஒரு சுருக்கம், சிரிச்சா வரும். நீ ஃபெயிலாயிட்டேன்னு சொன்ன அன்னிக்குக்கூட இந்தச் சுருக்கம் வந்துச்சு.”

அந்தச் சுருக்கம் இரண்டே இரண்டு கல். ஆறாம் நம்பருக்கு நடுவே மூன்றாம் நம்பர் இரண்டு.

மகள் கிட்டத்தில் நின்றபடியே சுவரைப் பார்த்தாள். அவளுக்குக் கற்கள்தான் தெரிந்தன. ஒவ்வொரு கல்லும் அதன் எண்ணோடு தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். கல்லின் ஓரமெல்லாம் கரைந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ள, அம்மா வந்துவிட்டார். நல்ல கண்ணுக்குக் கிட்டத்தில் கட்டம்தான் தெரியும். மங்கின கண் கட்டத்தை மறந்துவிடுகிறது. மேஸ்திரியின் மனைவியும் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, “அட, ஆமா” என்றார். மேஸ்திரிக்கு மட்டும் ஒரு கண்ணை மூடினாலும் இரண்டு கண்ணை மூடினாலும் அந்த ஆறு கல்தான் தெரிந்தது.

“ஆபரேஷன் முடியற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது,” என்றார் முதலாளி.

“அப்புறம் இடிச்சு நேராக்கிடறேன் முதலாளி. உங்களுக்கு ஆறு கல்லு பாக்கி இருக்கு,” என்றார் மேஸ்திரி. சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அந்த வாரம் பூரா முதலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யாராவது குறுக்கே நடந்தால், “நகரு, நகரு” என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசல்வரை போய்விட்டுத் திரும்பி ஒருதரம் பார்த்தாராம். “என் பெட்டியில ஒண்ணும் இல்லை” என்று சுவருக்குச் சொல்லிவிட்டுப் போனாராம்.

டாக்டர் நினைத்தது நடந்துவிட்டது. கட்டுப் பிரித்தபோது கண் பளிச்சென்று தெரிந்தது. புதுக் கண்ணாடியோடு லாட்ஜுக்குள் நுழைந்த முதலாளி, நேராகச் சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“என்னடி இது, கல்லு கல்லா இருக்கு? உங்க அம்மா எங்க?”

“கண்ணாடியைக் கழட்டுப்பா.”

கழற்றினார். அம்மா இருந்தார். அன்றிலிருந்து மேசைக் கணக்குக்குக் கண்ணாடி போடுவதும் மனைவிக்குக் கழற்றுவதுமாக இருக்கிறார். அவ்வளவு காசு செலவழித்து வந்த பார்வை அந்தச் சுவருக்கு மட்டும் உதவவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

துண்டு சமாசாரம் எப்படிப் பரவியது என்று கேட்டேன். தங்கிப் போன ஒருவர், பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கி ஓடிவந்து, “அம்மா பார்த்துட்டாங்க” என்று ஒரு துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாராம். அதில் வேறு ஒரு லாட்ஜின் பெயர் போட்டிருந்தது. முதலாளி அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

நாலாம் நம்பர் சாம்பல் வந்து சேர்ந்தது. மேஸ்திரி உளியும் சுத்தியலுமாகப் போனார். தூசி கண்ணுக்கு ஆகாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார் முதலாளி. அடுத்த முறை போனார். அறையெல்லாம் ஆள் இருக்கிறது, சத்தம் போட முடியாது என்றார். அதற்கடுத்த முறை, “மகள் ஊர்ல இல்லை” என்றார். மகள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“ஏம்மா, நீயாவது சொல்லேன்,” என்றார் மேஸ்திரி. “கணக்கு தப்புன்னு காட்டினவளே நீதானே?”

“கணக்கு தப்புதாண்ணே,” என்றாள் அவள். கண்ணாடி கையில் இருந்தது.

மேஸ்திரிக்கு இரவில் தூக்கம் குறைந்தது. இடிக்க விடாவிட்டால் போகிறது, கல்லையாவது கொடுத்துவிடலாம் என்று போன வாரம் ஆறு கல்லையும் வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். அன்று சாயங்காலமே ஆள் மூலமாகத் திரும்பி வந்தன. ‘வேலை முடியாமல் கல் வாங்கிக்கொள்வதில்லை’ என்று சொல்லி அனுப்பியிருந்தார் முதலாளி. உடைந்துவிடக் கூடாது என்று ஒரு லாட்ஜ் துண்டில் சுற்றி அனுப்பியிருந்தார்.

“அதான் அங்க காயுது,” என்று கொடியைக் காட்டினார் மனைவி. “நீங்க வரும்போதே பாத்தீங்க. கேக்கலை. பெரிய மனுஷன்.”

“துண்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துடலாமே,” என்றேன்.

“நானும் அதைத்தான் சொல்றேன். பைக்குள்ள போட்டு எடுத்துக்கிட்டுப் போங்கன்னா, மாட்டேங்கறார்.”

மேஸ்திரி என்னைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தார். துண்டின் ஒரு முனை இறங்கியிருந்தது. எழுந்துபோய் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டைப்பை ஓரத்தில் இரண்டு தரம் தைத்த தையல் இருந்தது; கல்லின் கனத்துக்கு மூன்றாவது தரமும் விட்டுக்கொண்டிருந்தது.

“பைக்குள்ள துண்டோட அந்தச் சுவருக்கு முன்னாடி எப்படிங்க போறது?” என்றார். “எனக்குத் தெரியாதா, அது ஆறு கல்லுதான். ஆனாலும் பாக்கறாங்கல்ல.”